மஞ்சக் கடுதாசிக்குப் பிறகு வீட்டுக் கடன்: வங்கியா, ஃபைனான்ஸ் கம்பெனியா, கைமாத்து வட்டியா?

காரைக்குடியில் "அவன் ஐ.பி. குடுத்துட்டான்" என்று, அதாவது திவால் மனு போட்டுவிட்டான் என்று, ஒருவரைப் பற்றிச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. எங்கள் இரும்புக் கடை படுத்தபோது என்னைப் பற்றியும் அப்படித்தான் பேசினார்கள். பேரேடும் ஐந்தொகையும் பார்த்துப் பிழைத்த சீமை இது. 1937-ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி தொடங்கியபோது சென்னை, ரங்கூனோடு காரைக்குடியிலும்தான் கதவு திறந்தது. இப்படிப்பட்ட ஊரில் பெயர் கெட்டவன், கழனிவாசல் பக்கம் வாங்கிப் போட்ட மனையில் வீடு கட்டக் கடன் கேட்டு மூன்று விதமான வாசல்களில் ஏறி இறங்கினேன். அந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. திவால் நிலையிலிருந்து உங்களை விடுவிக்கும் நீதிமன்ற உத்தரவு கையில் இருக்கிறதா? மனு கொடுத்ததோடு எல்லாம் முடிந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். 2016-ல் வந்த புதிய திவால் சட்டம், தனிநபர்களைப் பொறுத்தவரை கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும்தான் 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. நம்மூர்க் கடைக்காரருக்கு இன்னும் 1920-ம் ஆண்டுச் சட்டம்தான். அதன்படி விடுவிப்பு வாங்காதவர் புதிதாக வாங்கும் சொத்தும் பழைய கடன்காரர்களுக்குப் பங்கிடப் போய்விடும். தான் திவாலானவர் என்று சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினாலே ஆறு மாதம் வரை சிறைக்கு வழி இருக்கிறது. வக்கீலைப் பார்த்து அந்த உத்தரவின் சான்றிட்ட நகலை முதலில் எடுத்துவிடுங்கள்.

இனி வங்கி. வட்டி குறைவு, 2019 அக்டோபருக்குப் பிறகு கொடுத்த மாறும் வட்டி வீட்டுக் கடன்களில் வட்டி வெளிக் குறியீட்டோடு, பெரும்பாலும் ரெப்போவோடு (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனுக்கான வட்டி), கட்டப்பட்டிருப்பதால் ரிசர்வ் வங்கி குறைத்தால் நமக்கும் குறையும். 30 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரை கொடுக்க விதி இடம் தருகிறது. ஆனால் மேலாளர் முதலில் பார்ப்பது சிபில், அதாவது நாம் கடனைக் கட்டிய லட்சணத்துக்குப் போடும் மதிப்பெண்ணும் அறிக்கையும். 300-லிருந்து 900 வரை போகும் அந்த எண்ணைவிட அதன் கீழே பழைய கடனுக்கு நேராக இருக்கும் வார்த்தைதான் நம்மைப் போன்றவர்களுக்குக் கண்டம். 'ரிட்டன் ஆஃப்' (வராத கடன் என்று எழுதித் தள்ளியது), 'செட்டில்டு' (குறைத்துக் கட்டித் தீர்த்தது) என்று இருந்தால் எண் ஏறியிருந்தாலும் கோப்பு நகராது. ஒருமுறைத் தீர்வில் பாதி கட்டி முடித்தவர்கள், தள்ளுபடியான மீதியையும் முடிந்தபோது கட்டி, நிலுவை இல்லைச் சான்று வாங்கி, 'குளோஸ்டு' என்று மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். கசப்பாகத்தான் இருக்கும். நான் கட்டினேன். அறிக்கையில் தவறு இருந்தால் புகார் கொடுத்து 30 நாளுக்குள் திருத்தாவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் நான்கும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் வாங்கிப் பாருங்கள். பெயரைத் திரும்ப எடுக்கச் சிறிய நகைக்கடன் வாங்கி நாள் தவறாமல் திருப்பலாம், அல்லது வைப்புத்தொகை மேல் தரும் கிரெடிட் கார்டைப் பயன்படுத்தலாம். இரண்டும் அறிக்கையில் ஏறும். எப்படிப் பார்த்தாலும் இதற்கு இரண்டு ஆண்டாவது ஆகும்.

வீட்டுக்கடன் ஃபைனான்ஸ் கம்பெனிகள் அவ்வளவு காத்திருக்கச் சொல்வதில்லை. கடை வரவைப் பார்க்கிறார்கள், வீட்டுக்கே வந்து விசாரிக்கிறார்கள், பழைய கதையைக் காது கொடுத்துக் கேட்கிறார்கள். அதற்கான விலை வட்டியில் இருக்கிறது. 20 லட்சம், 20 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். 8.5 சதவீதத்தில் மாதத் தவணை சுமார் 17,356. 13 சதவீதத்தில் 23,432. கடைசி வரை கட்டினால் வித்தியாசம் 14 லட்சத்து 58 ஆயிரம். அதைவிட என்னை உலுக்கியது வேறொரு கணக்கு: 13 சதவீதத்தில் இரண்டு ஆண்டு, 5 லட்சத்து 62 ஆயிரம் கட்டிய பிறகும் அசலில் 48 ஆயிரம்தான் கழிந்திருக்கும்.

ஆனாலும் இந்த வாசலை நான் தள்ளிவிட மாட்டேன். தனிநபருக்குத் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் வாங்கக் கூடாது. ஆகவே இரண்டு ஆண்டு ஒழுங்காகக் கட்டிவிட்டு வங்கிக்கு மாற்றிக்கொள்ளலாம். அந்த இரண்டு ஆண்டில், 8.5 சதவீதக் கடனோடு ஒப்பிட்டால் கூடுதலாகப் போவது, தவணையிலும் அசலிலும் சேர்த்து, சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம். மாதம் 8,000 வாடகை கொடுத்துக்கொண்டு வங்கிக்காகக் காத்திருப்பவருக்கு அதே காலத்தில் 1 லட்சத்து 92 ஆயிரம் போகிறது. கிட்டத்தட்ட சமம். கடனை மாற்றும்போது பரிசீலனைக் கட்டணம், சட்டக் கருத்து, பத்திர ஒப்படைப்புப் பதிவு என்று மறுபடி செலவு உண்டு. காத்திருந்தால் சிமெண்டு, கம்பி, கொத்தனார் கூலி ஏறும்.

வாடகை வீட்டில் இருப்பவருக்கு ஃபைனான்ஸ் கம்பெனி, பிறகு மாற்றம். அப்பச்சி வீட்டில் ஒரு பங்கு இருந்து அங்கே குடியிருக்க முடிகிறவருக்கு வங்கி, கொஞ்சம் பொறுமை. இது என் தீர்ப்பு. அந்தப் பெரிய வீட்டுப் பங்கையே அடகு வைக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: பாகப் பிரிவினை ஆகாத வீட்டில் பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போடாமல் எந்த வாசலும் திறக்காது. சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்கும் பதினேழு பேரைத் திரட்டப் பார்த்துக் கைவிட்டேன்.

மனைவி பெயரில் கேட்கலாம் என்பார்கள். ஆச்சிக்குச் சொந்த வருமானமும் மனையும் இருந்தால் சரி. ஆனால் கணவரையும் கூட்டு விண்ணப்பதாரராகக் கேட்பது வழக்கம். கேட்டால் இவர் சிபிலும் வந்துவிடும்.

மூன்றாவது வாசல், கைமாத்து. மூணு வட்டி என்று லேசாகச் சொல்கிறார்கள். ஆண்டுக்கு 36 சதவீதம். 20 லட்சத்துக்கு மாதம் 60 ஆயிரம் வட்டி மட்டுமே, அசல் அப்படியே. அதைவிட ஆபத்து, அடமானத்துக்குப் பதிலாகக் கிரயமே எழுதி வாங்கிக்கொண்டு "பணம் வந்ததும் திருப்பி எழுதித் தர்றேண்ணே" என்று சொல்வது. திருப்பித் தரும் நிபந்தனை அதே பத்திரத்துக்குள் இல்லையென்றால் சட்டம் அதை நிபந்தனைக் கிரய அடமானமாகப் பார்க்காது, விற்பனையாகவே பார்க்கும். 2003-ன் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது என்று தைரியம் கொள்ளாதீர்கள். மனை போன பிறகு வழக்கு நடத்த நம்மிடம் என்ன மிச்சம்?

நான் ஃபைனான்ஸ் கம்பெனியில் வாங்கினேன். கையெழுத்துக்கு முன் மூன்று கேள்வி கேட்டேன்: இது நிலையான வட்டியா, மாறும் வட்டியா? எந்தக் குறியீட்டை வைத்து மாற்றுவீர்கள்? கடன் முடிந்தால் மூலப் பத்திரம் எத்தனை நாளில் கைக்கு வரும்? கடைசிக் கேள்விக்கு ரிசர்வ் வங்கி விதி 30 நாள் என்கிறது; தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் அவர்கள் தர வேண்டும். அதிகாரி வாயால் சொன்ன பதிலை அனுமதிக் கடிதத்தில் எழுதித் தரச் சொல்லி வாங்கிய பிறகுதான் பேனாவைத் திறந்தேன்.