குறைவாக ஓடும் கார்: ஆயில் மாற்ற கிலோமீட்டரைப் பார்ப்பதா, மாதத்தைப் பார்ப்பதா?

நம்மூரில் விற்கும் பெரும்பாலான பெட்ரோல் கார்களின் சர்வீஸ் அட்டவணையில் "10,000 கி.மீ. அல்லது 12 மாதம், எது முதலில் வருகிறதோ அது" என்றுதான் போட்டிருக்கும். வருடத்துக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத வண்டி வைத்திருப்பவர்கள் இதில் முன்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, "இன்னும் எட்டாயிரம் பாக்கி இருக்கே" என்று ஒரே ஆயிலில் நாலைந்து வருடம் ஓட்டிவிடுகிறார்கள். இன்ஜினுக்கு இது நல்லதில்லை.

கிலோமீட்டர் கணக்கு

தினமும் நெடுந்தூரம் ஓடும் வண்டிக்கு இது சரி. எப்போதாவது ஓடும் வண்டியில் ஆயில் கெடும் விதமே வேறு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும். மிச்சம் கொஞ்சம், எரியாத பெட்ரோலோடு சேர்ந்து பிஸ்டன் ரிங் இடுக்கில் இறங்கி ஆயிலில் கலக்கும். ஆயில் நன்றாகச் சூடேறினால் இரண்டும் ஆவியாகி வெளியேறிவிடும். டேஷ்போர்டில் டெம்பரேச்சர் முள் சில நிமிடத்தில் நடுவுக்கு வந்துவிடுகிறது. ஆனால் அது காட்டுவது கூலன்ட்டின் சூட்டை. ஆயில் முழுச் சூட்டுக்கு வர 15, 20 நிமிடமாவது வண்டி ஓட வேண்டும். மூன்று கிலோமீட்டரில் இருக்கும் மார்க்கெட்டுக்குப் போய் நிறுத்தினால் தண்ணீரும் பெட்ரோலும் உள்ளேயே தங்கிவிடும். ஆயில் இளகும், அமிலம் சேரும். அதை முறிக்க ஆயிலில் கலந்திருக்கும் காரப்பொருள் தீர்ந்துவிட்டால் பேரிங் அரிக்கத் தொடங்கும்.

ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெளிர் மஞ்சளாகக் கூழ் போல ஒட்டியிருந்தால் ஈரம் வெளியேறவில்லை என்று பொருள். டிப்ஸ்டிக்கிலும் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) ஆயில் பால் கலந்தது போல வந்தால் விஷயம் வேறு: இன்ஜினின் மேல்பாகத்துக்கும் கீழ்பாகத்துக்கும் நடுவில் அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட் வழியே கூலன்ட் கசியலாம். வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை வரச்சொல்லுங்கள்.

12 மாதம்

குறைவாக ஓடும் பெட்ரோல் காருக்கு எங்கள் தேர்வு இதுதான். வாரண்டி இருக்கும் வண்டியில் வேறு யோசனையே வேண்டாம். அட்டவணைப்படி சர்வீஸ் செய்யாவிட்டால் இன்ஜின் கோளாறுக்கான கோரிக்கையை மறுக்க அதுவே காரணமாகிவிடும். வாரண்டி முடிந்து, எடுக்கும்போதெல்லாம் அரை மணிக்கு மேல் ஓடும் வண்டியானால் ஓரிரு மாதம் தள்ளினால் கேடில்லை.

"ஃபுல் சிந்தடிக் போட்டால் இரண்டு வருடம் தாங்கும்" என்ற பேச்சை நம்பாதீர்கள். சிந்தடிக் வெப்பத்தையும் ஆக்சிஜனையும் மினரல் ஆயிலைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் தண்ணீரும் பெட்ரோலும் இரண்டிலும் ஒரே மாதிரிதான் கலக்கும்.

6 மாதம்

பல மேனுவல்களில் கடினமான பயன்பாட்டுக்குத் தனி அட்டவணை இருக்கும். அடிக்கடி குறுந்தூரம் ஓடுவதும் அதில் வரும். பெட்ரோல் வண்டி ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று கிலோமீட்டரில் நின்றுவிடுகிறது என்றால் இந்த 6 மாதக் கணக்கைப் பின்பற்றலாம். டிபிஎஃப் (புகையில் வரும் கரியைப் பிடித்துவைக்கும் ஃபில்டர்) உள்ள பிஎஸ்-6 டீசலுக்கு இன்னும் கவனம் வேண்டும். ஃபில்டரில் சேரும் கரியை எரிக்க இன்ஜின் கூடுதல் டீசலைப் பீய்ச்சும். எரிந்து முடிவதற்குள் வண்டியை நிறுத்திக்கொண்டே இருந்தால் அந்த டீசல் ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் அளவு மேல் கோட்டைத் தாண்டி ஏறினால் மாதக் கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே மாற்ற வேண்டும்.

நிறுத்துவதற்கு முன்பா, எடுத்த பிறகா?

ஆறு மாதம் வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். அமிலம் கலந்த பழைய ஆயில் அத்தனை நாளும் பேரிங்கில் படிந்து நிற்கும். போவதற்கு முன்பே மாற்றுங்கள். 20 நிமிடம் ஓட்டி ஆயிலைச் சூடாக்கி வடிக்க வேண்டும். அப்போதுதான் கசடும் சேர்ந்து இறங்கும். டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர், கூடவே புது ஃபில்டர். ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் ஆயில் தடவித் திருகி, வளையம் இன்ஜினைத் தொட்ட பிறகு கையாலேயே முக்கால் சுற்று இறுக்கினால் போதும். மேனுவலில் சொன்ன அளவுக்கு அரை லிட்டர் குறைவாக ஊற்றி, ஒரு நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்து மிச்சத்தை ஊற்றுங்கள். புது ஆயிலோடு கொஞ்சம் ஓட்டி நிறுத்தினால் அது எல்லா இடத்திலும் படியும். திரும்பி வரும்போது 12 மாதம் ஆகவில்லை என்றால் மறுபடி மாற்ற வேண்டியதில்லை.

ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்து, "வாரம் ஒருதரம் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைங்க" என்று சொல்லாதீர்கள். நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் ஓடினால் ஆயில் சூடாகாது, ஈரம்தான் சேரும். பேட்டரியும் சரியாக ஏறாது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை 20 கி.மீ. ஓட்டிவரச் சொல்லுங்கள். அதற்கு ஆளில்லை என்றால் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, வண்டியை அப்படியே நிற்கவிடுங்கள்.