பேரிங் மாற்றியும் போகாத சத்தம்: நாமக்கல் பக்கம் ஒரு பிக்கப் வண்டிப் பாடு

லாரிக்கு பாடி கட்டுவதில் நாடு முழுக்கப் பேர் வாங்கிய ஊர் நாமக்கல். பக்கத்துத் திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிகள் போகாத மாநிலத்தைத் தேட வேண்டும். இப்பேர்ப்பட்ட ஊர்ப் பக்கத்தில் ஒரு பொலிரோ கேம்பர் பிக்கப்பின் டயர் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க, கல்யாணத்துக்காகக் கனடாவிலிருந்து ஊருக்கு வந்த என் லீவில் பெரும்பங்கு போய்விட்டது. கல்யாணம் நல்லபடியாக நடந்தது, சொந்தபந்தம் எல்லாம் சௌக்கியம். நான் எழுத வந்தது இந்தச் சத்தத்தைப் பற்றி.

வண்டி என் பெரியப்பா மகனுடையது, எனக்குத் தம்பி முறை. பரமத்தி வேலூர் பக்கம் வாழை வைத்திருக்கிறான். தார் வெட்டினால் ஏலச் சந்தைக்கு இந்த வண்டிதான் போகும். தோட்டத்து மண் தடத்துக்காகப் பட்டன் டயர், அதாவது மண்ணைப் பிடிக்க ரப்பர்க் கட்டிகள் துருத்திக்கொண்டிருக்கும் டயர், போட்டிருக்கிறான், அது நியாயம்தான். ஆனால் நான்கு வழிச்சாலையில் ஐம்பதைத் தாண்டியதும் ஒரு முனகல் கிளம்பி, எழுபதில் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டிய அளவுக்கு வந்துவிடும். பெரியம்மா மருத்துவமனைக்குப் போய் வரும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்களாம்.

முதலில் போனது ஒரு பெரிய சர்வீஸ் சென்டர். கண்ணாடிக் கதவு, ஏசி, காபி மெஷின், டோக்கன். கையில் டேப்லெட்டோடு வந்த பையன் வண்டியை ஓட்டிப் பார்க்கவே இல்லை. சத்தத்தைப் பற்றி நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு, "முன்பக்கம் வீல் பேரிங் போயிருக்கும் சார்" என்று எழுதிக்கொண்டான். கூட வந்து பார்க்கிறோம் என்றதற்கு, "கஸ்டமர் உள்ளே வரக் கூடாதுங்க" என்றான். சாயங்காலம் இரண்டு பக்கமும் பேரிங் மாற்றி பில் கொடுத்தார்கள். கேட்டைத் தாண்டி மெயின் ரோட்டில் ஏறினால், அதே முனகல். திரும்பப் போனோம். "அப்போ டயராத்தான் இருக்கும், நாலையும் மாத்திடுங்க" என்றார்கள். கழற்றிய பழைய பேரிங்கைக் கொடுங்கள் என்று கேட்டேன். ஸ்கிராப்புக்குப் போய்விட்டதாம்.

கனடாவில் நான் இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்திலும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்தான் உட்கார வைப்பார்கள். ஆனால் அங்கே சட்டம் இருக்கிறது. நாமே வேண்டாம் என்று சொன்னால் ஒழிய, செலவை முன்கூட்டியே எழுதித் தர வேண்டும், அதற்கு மேல் 10 சதவீதத்தைத் தாண்டி வாங்க முடியாது. கழற்றிய பாகத்தைத் திருப்பித் தரட்டுமா என்று அவர்களே கேட்க வேண்டும். நம் ஊரில் கண்ணாடியையும் காபி மெஷினையும் மட்டும் கொண்டுவந்துவிட்டு, அதோடு சேர்ந்து வர வேண்டிய பொறுப்பை விட்டுவிட்டார்கள். அப்பா காலத்தில் பட்டறையில் பழைய டயர் மேல் உட்கார்ந்து தினத்தந்தி படித்துக்கொண்டே, எந்த நட்டை எவன் கழற்றுகிறான் என்று பார்த்துக்கொண்டிருப்பார். அந்த உரிமையாவது மிச்சம் இருந்திருக்கலாம்.

நாலையும் மாற்றச் சொன்னார்களே, அந்த டயர்களில் இன்னும் நன்றாகவே ஆழம் இருந்தது. பள்ளத்துக்குள் இருக்கும் தேய்மானக் குறி 1.6 மில்லிமீட்டர் உயரம். அந்த மட்டத்துக்குத் தேய்ந்தால்தான் டயர் முடிந்தது என்று அர்த்தம். தம்பியுடையது அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அவர்கள் காட்டிய புது டயரின் பக்கவாட்டில் தயாரிப்பு எண்ணைப் படித்துப் பார்த்தேன். நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். ரொம்ப நாளாக இருப்பில் கிடந்த சரக்கு. வேண்டாம் என்று வந்துவிட்டோம்.

அப்புறம்தான் நாமக்கல்லில் ஒரு பெரியவரின் டயர் பட்டறைக்குப் போனோம். அவரைப் பற்றித்தான் எனக்கு விரிவாகச் சொல்ல ஆசை. வண்டியைச் சுற்றி வந்தார், எதையும் கழற்றவில்லை. "ஏறுங்க தம்பி, ஒரு ரவுண்டு போலாம்" என்று முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். அறுபதில் போகும்போது ஸ்டியரிங்கை மெல்ல இடமும் வலமுமாக ஒடிக்கச் சொன்னார். பேரிங் போயிருந்தால் பாரம் ஒரு பக்கம் சாயும்போது சத்தம் ஏறும், மறுபக்கம் சாயும்போது இறங்கும். எங்களுக்கு மாறவே இல்லை. ஆனால் புதுத் தார் போட்ட இடம் முடிந்து பழைய சொரசொரப்பான ரோடு வந்ததும் சத்தத்தின் குரலே மாறியது. "பேரிங்குக்கு ரோடு தெரியாதுங்க தம்பி. டயருக்குத்தான் தெரியும்" என்றார்.

பட்டறைக்கு வந்ததும் என் கையைப் பிடித்து முன் டயர் மேல் வைத்தார். ஒரு பக்கமாகத் தடவினால் வழுவழுவென்று போகிறது, எதிர்ப்பக்கமாகத் தடவினால் ரம்பப் பல் மாதிரி கையைப் பிடிக்கிறது. ஒவ்வொரு பட்டனும் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்து சாய்ந்திருந்தது. டயர் செய்கிறவர்கள் பட்டன்களை வேண்டுமென்றே சின்னதும் பெரியதுமாக அமைப்பது, சத்தம் ஒரே சுருதியில் சேர்ந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். இப்படி ஓரம் சாய்ந்து தேய்ந்தால் அந்த வேலையெல்லாம் வீணாகி, ஒவ்வொரு பட்டனும் ரோட்டில் அறைந்துகொண்டே போகும். பிறகு முன் டயர்களைப் பின்னாலும் பின் டயர்களை முன்னாலும் மாற்றிப் போட்டு மறுபடி ஓட்டிக் காட்டினார். முனகல் பின்பக்கத்திலிருந்து வந்தது. இதைவிடத் தெளிவான சாட்சி என்ன வேண்டும்?

ஏன் அப்படித் தேய்ந்தது என்பதையும் அவர் விடவில்லை. ஜாக்கி போட்டுச் சக்கரத்தை ஆட்டிப் பார்த்தார். ஒரு பக்கம் டை ராடு எண்ட் (ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனை மூட்டு) லூஸ். அதனால் முன் சக்கரம் நேராக உருளாமல் கொஞ்சம் வெளியே பார்த்து, தேய்த்துக்கொண்டே ஓடியிருக்கிறது. எனக்கு வயிறு எரிந்ததே இங்கேதான். பேரிங் மாற்றியவர்கள் அதே சக்கரத்தைக் கழற்றி, அதே இடத்தில் கை வைத்திருக்கிறார்கள். ஒரு ஆட்டு ஆட்டியிருந்தால் தெரிந்திருக்கும்.

இன்னொன்றும் சொன்னார், பிக்கப் வைத்திருக்கும் எல்லோரும் கேட்க வேண்டியது. லோடுக்கு ஏற்ற காற்றைப் பின் டயரில் பிடித்துவிட்டு, சந்தையிலிருந்து வெறும் வண்டியாகத் திரும்பி வந்தால் பின்பக்கம் கமான் பட்டை மேல் துள்ளிக்கொண்டே வரும். டயர் நடுவிலும் திட்டுத் திட்டாகவும் தேயும். ஒன்டாரியோவில் குளிருக்கு முன்னும் பின்னும் டயர் மாற்றுவதால் வருடத்துக்கு இரண்டு தடவையாவது சக்கரம் கழன்று யார் கண்ணிலாவது படும். இடம் மாற்றிப் போடுவதும் அப்போதே நடந்துவிடும். நம் ஊரில் வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழம் வைப்பதோடு டயரை மறந்துவிடுகிறோம்.

டை ராடு எண்ட், அலைன்மென்ட், பேலன்சிங், டயர் இடமாற்றம் எல்லாம் சேர்த்தும் அந்த பேரிங் பில்லில் பாதி வரவில்லை. கழற்றிய பாகத்தைக் கேட்காமலே ஒரு காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்தார். சத்தம் முழுசாகப் போகவில்லை. சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் சாய்ந்த பட்டன்கள் ஓரளவு சமமாகும், பட்டன் டயருக்கே உரிய சத்தம் இருக்கத்தான் செய்யும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

போன வாரம் தம்பி பேசினான். வெறும் வண்டியில் அறுபதுக்கு மேல் லேசாகக் கேட்கிறதாம், லோடு ஏற்றினால் கேட்பதில்லையாம். பெரியம்மா முன்சீட்டில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டே வருகிறார்களாம். ஸ்டெப்னியையும் சுழற்சியில் சேர்த்துக்கொள், பத்தாயிரத்துக்கு ஒரு தடவை அதே பெரியவரிடம் கொண்டு போ என்று சொல்லியிருக்கிறேன். பேரிங் பணத்தைத் திருப்பிக் கேட்டுச் சர்வீஸ் சென்டருக்கு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.