மூட்டுவலிக்குப் பொட்டலம் கட்டித் தரும் மெடிக்கல் ஷாப்: உஷார்

அம்மாவுக்கு 62 வயது, சர்க்கரை உண்டு. போன மார்கழியில் முழங்கால் வலி தாங்காமல் தெருமுனை மெடிக்கலில் போய்க் கேட்டிருக்கிறார். "இதைப் போடுங்கக்கா, ரெண்டே நாள்ல படி ஏறுவீங்க" என்று கடைக்காரர் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்துக் காகிதக் கவரில் போட்டுக் கொடுத்தார். குட்டி வெள்ளை ஒன்று, ஆரஞ்சு ஒன்று. பில் கிடையாது. கவர் மேல் பேனாவால் 'கா - இ' என்று மட்டும் கிறுக்கல், அதாவது காலை, இரவு.

சொன்னபடியே ரெண்டாம் நாள் படி ஏறினார். அதுதான் வினை. மூன்று மாதம் விடாமல் வாங்கிப் போட்டார். நன்றாகப் பசித்தது, முகம் உருண்டையானது. பார்த்தவர்களெல்லாம் "உடம்பு தேறிட்டீங்களே" என்றார்கள். நானும் சந்தோஷப்பட்டேன், வெட்கக்கேடு. வெறும் வயிற்றில் சர்க்கரை 290 காட்டியபோதுதான் விழித்தேன்.

கடையில் சண்டை போட்டு அட்டைகளைக் காட்டச் சொன்னேன். குட்டி வெள்ளை டெக்ஸாமெத்தசோன், ஸ்டீராய்டு. பசி, உருண்டை முகம், ஏறிய சர்க்கரை எல்லாம் அதன் வேலைதான். ஆரஞ்சு டைக்ளோஃபெனாக், வலி மாத்திரை. இரண்டிலும் சிவப்புக் கோடு. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அர்த்தம். "எல்லாரும் கேட்டு வாங்குறதுதான் தம்பி" என்றார், கல்லாவை விட்டு எழாமல். பார்மசிஸ்ட் சான்றிதழ் சுவரில் தொங்குகிறது. அந்தப் போட்டோவில் இருக்கிற ஆளை ஒரு நாளும் கடையில் பார்த்ததில்லை.

அடுத்த தப்பு என்னுடையது. கோபத்தில் மிச்ச மாத்திரையைக் குப்பையில் கொட்டிவிட்டேன். மூன்றாம் நாள் அம்மாவால் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. வாந்தி, தலைசுற்றல், பிரஷர் 90-க்குக் கீழே. ஆஸ்பத்திரியில் டாக்டர் திட்டியது என்னைத்தான். ஸ்டீராய்டு வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துவிடும். திடீரென்று விட்டால் உயிருக்கே ஆபத்து, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்றார்.

அதனால் உங்கள் வீட்டில் யாராவது மாதக்கணக்கில் இப்படிப் பொட்டல மாத்திரை போட்டுக்கொண்டிருந்தால், இதைப் படித்துவிட்டு உடனே நிறுத்திவிடாதீர்கள். மிச்ச மாத்திரையை எடுத்துக்கொண்டு அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். தமிழ்நாட்டில் 104-க்கு போன் செய்தாலும் இலவசமாக ஆலோசனை சொல்வார்கள். டைக்ளோஃபெனாக்கும் லேசுப்பட்டதல்ல. வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் ஏறும் கிரியேட்டினின் அம்மாவுக்கு நல்லவேளையாக ஏறவில்லை.

மருந்து ஆய்வாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். "அந்தக் கடையில்தான் வாங்கினீங்கன்னு பில் இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. என்னிடம் இருந்தது 'கா - இ' எழுதிய கவர்.

இப்போது பிசியோதெரபி போகிறது. அம்மா மெதுவாக நடக்கிறார். நேற்று தைலம் தேய்த்துவிடும்போது, "என்ன இருந்தாலும் அந்தக் குட்டி மாத்திரை மாதிரி எதுவும் கேக்கலடா" என்கிறார்.