சர்ச் பாக்ஸ்ல காசு பாக்குறது எப்படி: ஃபேஸ்புக், பின்ட்ரெஸ்ட், லிங்க்ட்இன், ரெட்டிட் ஒரு ஒப்பீடு

சோஷியல் மீடியா கம்பெனிங்க சர்ச்ல சம்பாதிக்க இதுவரைக்கும் நாலு வழி ட்ரை பண்ணிருக்காங்க. சொந்த சர்ச்ல விளம்பரம் விக்கிறது, வெளி சர்ச் என்ஜினை உள்ள கொண்டு வர்றது, தேடுறவங்ககிட்டயே காசு வாங்குறது, பதிவுகளை சர்ச் கம்பெனிக்கு விக்கிறது. இதுல எது பெஸ்ட்டுங்கறது அந்தப் பெட்டியில ஜனங்க என்ன டைப் பண்றாங்கங்கறதைப் பொறுத்ததுதான்னு நான் உறுதியா நம்புறேன்.

ஃபேஸ்புக்ல பெரும்பாலும் ஆளுங்க பேரைத்தான் தேடுவோம், கூடப் படிச்சவங்க, பழைய ஆபிஸ் ஃப்ரெண்டு இப்படி. அதுக்குப் பக்கத்துல என்ன விளம்பரம் போட முடியும்? 2012ல போட்டுப் பாத்தாங்க, ஒரு கேம் பேரை டைப் பண்ண ஆரம்பிச்சா கீழ விரியுற லிஸ்ட்லயே போட்டி கேமோட விளம்பரம் வந்து நிக்கும், நாம தேடுனது ஒண்ணு கை படுறது ஒண்ணு, 2013லயே நிறுத்திட்டாங்க. ட்விட்டர் (இப்ப எக்ஸ்) 2010ல ப்ரமோட்டட் ட்வீட்டை, அதாவது காசு குடுத்து முன்னாடி காட்டுற ட்வீட்டை, முதல்ல சர்ச்லதான் கொண்டு வந்துச்சு, ஆனா அங்க தேடுறது மேட்ச் ஸ்கோரும் நிலநடுக்கமும், வாங்குற நினைப்புல யாரும் வர்றதில்ல.

பின்ட்ரெஸ்ட் கதையே வேற. "சின்ன ரூமுக்கு புக் ஷெல்ஃப்"னு அடிக்கிறவங்க வாங்குற மனநிலையில இருக்காங்க, ஆனா எந்த பிராண்டுனு இன்னும் முடிவு பண்ணல, விளம்பரம் குடுக்குறவங்களுக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. வர்ற ரிசல்ட் எல்லாம் ஷெல்ஃப் படம்தான், அதுல ஒண்ணு விளம்பரமா இருந்தா யாருக்கும் உறுத்தாது. 2017ல இவங்க கீவேர்டு விளம்பரம், அதாவது தேடுற வார்த்தைக்கு ஏத்த மாதிரி வர்ற விளம்பரம், ஆரம்பிச்சது சரியான முடிவு. டிக்டாக்கும் 2023ல இந்தப் பக்கம் வந்துடுச்சு, அடுத்த வருஷமே அமெரிக்காவுல சர்ச்சுக்குன்னே தனி விளம்பர கேம்பெயின் வச்சாங்க.

வெளி சர்ச் என்ஜின் வழியில எனக்கு நம்பிக்கையே இல்ல. 2006ல அப்போ பெரிய சோஷியல் நெட்வொர்க்கா இருந்த மைஸ்பேஸுக்குள்ள தன் சர்ச்சையும் விளம்பரத்தையும் வைக்க, கூகுள் குறைஞ்சது 900 மில்லியன் டாலர் தர்றதா ஒத்துக்கிச்சு, 2008 ஆரம்பத்துலயே சோஷியல் நெட்வொர்க்ல எதிர்பார்த்த வருமானம் வரலைனு கூகுளே சொல்லிடுச்சு.

லிங்க்ட்இன்லயும் ஆளுங்களைத்தான் தேடுறாங்க, ஃபேஸ்புக் மாதிரியேதான், ஆனா தேடுறவங்க கையில கம்பெனி பட்ஜெட் இருக்கு. அதனால விளம்பரத்தை நம்பாம, ஃப்ரீயா தேடுறதுக்கு ஒரு லிமிட் வச்சு, அதுக்கு மேல வேணும்னா சந்தா கட்டுங்கன்னாங்க, ஆள் எடுக்குற ஹெச்ஆர் டீம்களுக்கு ரெக்ரூட்டர்னு தனி ப்ராடக்டே இருக்கு. நாலுல எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான், யாருக்கு லாபமோ அவங்களே காசு கட்டுறாங்க.

பதிவுகளை டேட்டாவா விக்கிறதுல உடனே காசு வரும். ட்விட்டர் 2009ல ட்வீட்டுகளை கூகுளுக்கும் மைக்ரோசாஃப்ட்டோட சர்ச் என்ஜினான பிங்குக்கும் குடுத்துச்சு, கூகுள் டீல் 2011ல முடிஞ்சு போச்சு. 2024ல, ஜனங்க கேள்வி பதிலா பேசிக்கிற ரெட்டிட்டுக்கு அந்தப் பதிவுகளுக்காக கூகுள் வருஷத்துக்கு சுமார் 60 மில்லியன் டாலர் தர்றதா செய்தி வந்துச்சு. எனக்கு இதுல ஒரு வருத்தம் இருக்கு, ராத்திரி உக்காந்து யாரோ ஒருத்தர் தன் அனுபவத்தை பொறுமையா எழுதி வச்ச பதில் கூகுள் பக்கத்துலயே சுருக்கமா வந்துடுது, படிக்கிறவங்க அவர் பக்கம் வர்றதே இல்ல, ஒரு நன்றி கூட அவருக்குப் போய்ச் சேராது. அதே வருஷக் கடைசியில ரெட்டிட் ஆன்ஸர்ஸ்னு சொந்தமா ஏஐ சர்ச் கொண்டு வந்தாங்க, விளம்பரத்தை அங்க வச்சா அந்த டீல் காசை விட இது பெருசா வளரும்னு தோணுது, கேக்குறவங்களும் எழுதுனவங்களும் ஒரே எடத்துல இருப்பாங்க.