கம்பஸ் படிக்கிற ஆக்களுக்கு பட்டன் போன் சரிவருமா? பாவிச்சுப் பாத்து எழுதுறன்

முதல்லயே சொல்லிருறன், இது புது டச் போன் ரிவியூ இல்ல. மட்டக்களப்பு டவுண்ல 5,000 ரூபாக்குள்ள வாங்கின சாதாரண பட்டன் போன். ரெண்டு சிம், டோர்ச், எப்எம் ரேடியோ, அலாரம், அவ்வளவுதான். பிராண்ட் பேர் போடல்ல, ஏனெண்டா இந்த விலைக்கு வாற எல்லாம் கிட்டத்தட்ட ஒரே சாமான்தான். கடைக்கார அண்ணா "அம்மம்மாக்கா தங்கச்சி?" எண்டு கேட்டார், எனக்குத்தான் எண்டதும் "எக்ஸாம் வருதுபோல" எண்டார். கம்பஸ் புள்ளையள் எக்ஸாம் நேரம் வந்து கேக்குறது அவருக்கு பழக்கமாம்.

நான் வந்தாறுமூலைல, கிழக்குப் பல்கலைக்கழகத்துல படிக்கிறன், ஹொஸ்டல்ல இரிக்கன். போன விட்டுட்டு படி எண்டு வீட்டுல இருந்து சொல்றது லேசு, ஆனா எங்களுக்கு லெக்சர் கேன்சல் எண்டாலும் வாட்ஸப்லதான் வரும், நோட்ஸ், அசைன்மென்ட் தேதி, ஹொஸ்டல்ல தண்ணி வராத கத வரைக்கும் எல்லாம் குறூப்லதான், பேட்ச் குறூப், சப்ஜெக்ட் குறூப், ரூம் குறூப் எண்டு அது ஒரு பக்கம் போய்க்கிட்டே இரிக்கும். ஒரு மெசேஜ் பாக்கத்தான் எடுப்பம், மறுகா ரீல்ஸுக்குள்ள போய் கிடப்பம், நிமிர்ந்து பாத்தா சாமம் தாண்டிரும். காலைல லெக்சர்ல கண் எரியும், தல பாரமா இரிக்கும், ஒருத்தரோடயும் கதைக்க மனமிரிக்காது.

டைமர் வைச்சா என்ன எண்டு கேப்பீங்க. ஆண்ட்ராய்ட்ல 2018ல இருந்து டிஜிட்டல் வெல்பீயிங் எண்டு ஒண்டு இரிக்கு, ஒரு ஆப்புக்கு இவ்வளவு நேரம்தான் எண்டு போட ஏலும், நேரம் முடிஞ்சா ஐகன் சாம்பல் நிறமாகி பூட்டிரும். எவ்வளவு நேரம் எதுல போகுது எண்டு பாக்க அது நல்லம், அதுக்கு மேல எதிர்பாக்க ஏலாது. பூட்டும் போனுக்குள்ள, திறப்பும் போனுக்குள்ள. நித்திர வராம கிடக்கிற நேரத்துல செட்டிங்குக்குள்ள போய் அந்த டைமர எடுத்து விட ஒரு நிமிசம் போதும்.

அதாலதான் வேற சாமான் எண்டு முடிவெடுத்தன். இப்ப நான் செய்யிறது இதுதான். என்ட மெயின் சிம் பட்டன் போனுக்குள்ள இரிக்கு, வீட்டுக் கோல், பேங்க் ஓடிபி எல்லாம் அதுக்குத்தான் வரும். டச் போன்ல சிம் இல்லாட்டியும் வைஃபைல வாட்ஸப் அதே நம்பருல ஓடும், பகல்ல அதப் பாவிப்பன். இரவு சாப்பிட்டு வந்ததும் டச் போன் அலுமாரிக்குள்ள போயிரும், காலைல குளிச்சு வெளிக்கிட்ட பிறகுதான் வெளிய வரும். 2017ல அமெரிக்காவுல டெக்சாஸ் பல்கலைக்கழக ஆக்கள் வெளியிட்ட ஒரு ஆய்வு இரிக்கு, போன் சத்தமில்லாம மேசைல கவுந்து கிடந்தாலே கவனம் குறையுது, வேற ரூம்ல வைச்ச ஆக்கள் நல்லா செஞ்சாங்க எண்டு. பிறகு மத்த ஆக்கள் செஞ்சு பாத்ததுல எல்லாத்துலயும் அதே மாதிரி வரல்ல எண்டும் இரிக்கு, ஆனா எனக்கு அலுமாரிக் கதவு பூட்டினதும் வாற நிம்மதி வேற மாதிரித்தான்.

நல்லதச் சொல்றதெண்டா முதல்ல அலாரம். இது சின்ன விசயம் இல்ல. போன தலகாணிக்குக் கீழ வைக்கிறதுக்கு நாம எல்லாரும் சொல்ற சாட்டு அலாரம்தானே, அந்தச் சாட்டு இனி இல்ல. சார்ஜ் நாள்கணக்கா நிக்கும், கரண்ட் போனா டோர்ச் உண்மையிலயே வெளிச்சமா இரிக்கு, இரவைக்கு எப்எம்ல பழைய பாட்டு கேட்டுட்டே படுக்கலாம். ஒரு கிழம போக நித்திர முந்தி வரத் தொடங்கிச்சு, காலைல காண்டீன்ல தேத்தண்ணி குடிக்கிற நேரம் ஆக்களோட கதைக்க மனம் வருது, எனக்கு அதுதான் பெரிசு.

குறைகளும் இரிக்கு. சிம் குழி பெரிசு, நம்மட நானோ சிம் அதுக்குள்ள நிக்காது, அடப்டர் போடணும், அதுவும் கொஞ்சம் ஆடினா "சிம் இல்ல" எண்டு காட்டும். சிம் வாங்கினப்ப வந்த பிளாஸ்டிக் சட்டத்த எறியாம வைச்சிருந்தா அதுவே சரியா பொருந்தும். தமிழ்ல எஸ்எம்எஸ் வந்தா இதுல வெறும் கட்டம் கட்டமா தெரியுது, எல்லா மொடலும் அப்பிடி இல்ல, அதால கடைலயே ஒரு தமிழ் மெசேஜ் அனுப்பச் சொல்லிப் பாருங்க. மறுகா தமிழ்ல அனுப்பினா ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 எழுத்துத்தான், இங்கிலீஷ் எண்டா 160, நீளமா எழுதினா ரெண்டு மூணு மெசேஜ் காசு போகும். கேமரா பேருக்குத்தான். இரவுல குறூப்ல அவசரமா எதும் வந்தா தெரியாம போயிரும் எண்ட பயம் உங்களுக்கும் இரிக்கும், ரூம்மேட்டிட்ட "முக்கியம் எண்டா கோல் எடு" எண்டு சொல்லி வைச்சிரிக்கன், அதோட அது முடிஞ்சிது.

இப்ப கொஞ்சம் நிண்டு ஒரு விசயம் சொல்லணும், இந்த ரிவியூ எழுதினதே அதுக்குத்தான். எங்கட பேட்ச்ல ஒரு புள்ள, எந்த நேரமும் போனுக்குள்ளதான். சாப்பாடு ஒழுங்கில்ல, லெக்சருக்கு வாறதில்ல, விடிய விடிய முழிப்பு. வீட்ட போனப்ப போன பறிச்சு வைச்சிட்டாங்க, அதால ஆள் இன்னும் மோசமாகி ரூம விட்டே வெளிய வரல்ல. பிறகுதான் விளங்கிச்சு, முந்தின செமஸ்டர் ரெண்டு பாடம் ரிப்பீட் விழுந்ததுல இருந்து அவளுக்கு மனசு சரியில்ல, அந்த யோசினைய மறக்கத்தான் போனுக்குள்ள கிடந்திரிக்கா. அந்தப் புள்ளைக்கு பட்டன் போன் வாங்கிக் குடுத்து என்ன செய்ய? அவ 1926 எண்ட மனநல உதவி நம்பருக்கு எடுத்துக் கதைச்சதுக்குப் பிறகுதான் மனநல கவுன்சிலர்ட்ட போக ஒத்துக்கிட்டா, இப்ப லெக்சருக்கு வாறா.

1926 எண்டுறது தேசிய மனநல நிறுவகத்துட இலவச லைன், 24 மணித்தியாலமும் இரிக்கு, தமிழ்ல கதைக்கலாம், பட்டன் போன்லயும் எடுக்கலாம். பேர் கெட்டுப் போயிரும் எண்டு எங்கட பக்கம் பயப்பிடுறது எனக்குத் தெரியும், ஆனா காய்ச்சல் எண்டா டொக்டரிட்ட ஓடுறம்தானே. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைலயும் மனநலப் பிரிவு இரிக்கு. போன் கூடினதால மனசு கெடுதா, மனசு சரியில்லாததால போன் கூடுதா எண்டா ரெண்டும்தான், ஒண்ட ஒண்டு இழுக்கும்.

உங்களுக்கு இது வெறும் போன் பழக்கமா, அளவு மீறிப் போயிட்டா எண்டு பாக்க ஒரு கேள்விக்கொத்து இரிக்கு, 2013ல கொரியாவுல செஞ்சது, 10 கேள்வி, 60 புள்ளி. ஆண் எண்டா 31க்கு மேல, பெண் எண்டா 33க்கு மேல வந்தா கவனிக்கணும் எண்டு வைச்சிரிக்காங்க. அது நோய் எண்டு சொல்ற டெஸ்ட் இல்ல, உலக சுகாதார நிறுவனத்துட நோய்ப் பட்டியல்ல கேமிங் அடிமைத்தனம்தான் இரிக்கு, ஸ்மார்ட்போன் எண்டு தனியா ஒண்டும் இல்ல. ஆனாலும் போன் இல்லாட்டி கை நடுங்குற மாதிரி, சாப்பாட்டுலயும் ஆக்களிலயும் மனம் போகாத மாதிரி இருந்தா கடைக்குப் போக முந்தி ஒருத்தரோட கதைங்க.

வெறும் பழக்கம்தான், நித்திரதான் கெடுது எண்டா தாராளமா வாங்குங்க. ஒலுவில்ல தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துல படிக்கிற என்ட மச்சாளும் கேட்டுட்டுத்தான் இரிக்கா, அவக்கும் இதத்தான் சொன்னன். வாங்கக்குள்ள கடைல நிண்டே *#06# அடிச்சு ஐஎம்இஐ எண்ட, அந்தப் போனுக்குரிய அடையாள நம்பர எடுத்து, IMEI எண்டு டைப் பண்ணி இடைவெளி விட்டு அந்த நம்பரப் போட்டு 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்க, தொலைத்தொடர்பு ஆணைக்குழுவுல பதிவான போனா இல்லையா எண்டு பதில் வரும், அதுக்குப் பிறகு காசக் குடுங்க.