எட்ஜா, லீடா? டர்பனில் இருந்து வீட்டு மதிப்பீட்டுத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு

அக்கா மகள் இந்த வருடம் கட்டட வரைபடப் படிப்பை முடிக்கிறாள். "பசுமை வீடு மதிப்பிடுற பரீட்சை ஒன்னு எழுதணும் மாமா, எதை எழுதட்டும்?" என்று கேட்டாள். நான் இரண்டை எழுதியிருக்கிறேன். முதலில் லீட் கிரீன் அசோசியேட், மூன்று வருடம் கழித்து எட்ஜ் எக்ஸ்பர்ட். தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வீட்டு வரைபடம் போட்டுப் பிழைக்கிற எனக்கு அந்த வரிசை சரிப்படவில்லை. எட்ஜைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். அவளுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

லீட், பசுமைக் கட்டடங்களுக்குப் புள்ளி போட்டுச் சான்று தருகிற, அமெரிக்காவில் பிறந்த முறை. கிரீன் அசோசியேட் தேர்வில் இரண்டு மணி நேரம், 100 கேள்விகள். மதிப்பெண் 125-ல் தொடங்கி 200 வரை போகும். 170 எடுத்தால் தேர்ச்சி. தப்பான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, அதனால் எந்தக் கேள்வியையும் விட்டுவிட்டு வரக் கூடாது. அதற்கு அடுத்த படியில்தான் வீடுகளுக்கென்று தனியாக லீட் ஏ.பி. ஹோம்ஸ் இருக்கிறது. முதல் படியில் கேட்பதெல்லாம் முறையைப் பற்றி: எத்தனை புள்ளிக்கு வெள்ளி, எத்தனைக்குத் தங்கம், எந்தப் பிரிவில் எந்தப் புள்ளி, எந்தத் தர ஆவணம் எதற்கு. 40 புள்ளியில் சான்று, 50-ல் வெள்ளி, 60-ல் தங்கம், 80-ல் பிளாட்டினம். நல்ல மனப்பாடம் இருந்தால் ஆறேழு வாரத்தில் முடித்துவிடலாம்.

நம்மவர்களுக்கு அதில் இரண்டு இடத்தில் கால் இடறும். ஒன்று அளவு. கழிப்பறையில் ஒரு முறை தண்ணீர் விட 1.6 கேலன், ஷவருக்கு நிமிடத்துக்கு 2.5 கேலன் என்று பாடத்தில் இருக்கும். லிட்டரில் பழகிய நமக்கு அது மனதில் ஒட்டாது. முதல் நாளே 6 லிட்டர், 9.5 லிட்டர் என்று பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, திசை. வட கோளத்தில் எழுதிய பாடக் குறிப்புகளில், குளிர்கால வெயில் உள்ளே வர ஜன்னலைத் தெற்கே வை என்று இருக்கும். நமக்கு வெயில் வடக்கில் இருந்து வருகிறது. நான் இதை அப்படியே மனப்பாடம் பண்ணிவிட்டு, அதே வாரம் ஒரு வாடிக்கையாளருக்குத் தெற்கு அறையைக் காட்டி "இதுதான் வெயில் அறை" என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா இருபது வருடமாக அந்த அறையில் துணி காயவில்லை என்றார். அதிலிருந்து 'தெற்கு' என்று படித்தால் 'பூமத்திய ரேகைப் பக்கம்' என்று மாற்றிப் படிக்கிறேன். தேர்விலும் அது கைகொடுத்தது, வேலையிலும் கைகொடுக்கிறது.

பதிப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். லீடின் ஐந்தாம் பதிப்பு 2025 ஏப்ரலில் வந்தது. எனக்கு ஒரு பயிற்சி நிறுவனம் பழைய பதிப்பின் குறிப்புகளைப் புதிய அட்டை போட்டு விற்றது. பாதி படித்த பிறகுதான் தெரிந்தது, பணமும் திரும்பவில்லை. கட்டணம் டாலரில் இருப்பதால் ராண்ட் விழுந்தால் நம் தலையில் விழும். தேறிய பிறகும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 15 மணி நேரம் தொடர்கல்வி காட்ட வேண்டும்.

எட்ஜும் பசுமைக் கட்டடச் சான்றுதான், ஆனால் வேறு மாதிரி. உலக வங்கிக் குழுவைச் சேர்ந்த ஐ.எஃப்.சி. வளரும் நாடுகளை மனதில் வைத்து உண்டாக்கியது. கணக்கு சுருக்கமானது: அந்த ஊரில் வழக்கமாகக் கட்டும் வீட்டோடு ஒப்பிட்டு மின்சாரம் முதலான எரிசக்தியில் 20 விழுக்காடு, தண்ணீரில் 20, கட்டுமானப் பொருள்களை உண்டாக்கும்போது வெளியாகும் கார்பனில் 20 குறைக்க வேண்டும். மூன்றும் வேண்டும். எரிசக்தியில் அள்ளிக் குவித்துத் தண்ணீரில் விட்டுவிட முடியாது. எரிசக்தி மிச்சம் 40 விழுக்காட்டைத் தொட்டால் எட்ஜ் அட்வான்ஸ்ட்.

இதற்குப் படிக்க எனக்குப் புத்தகத்தைவிட எங்கள் வீடுதான் உதவியது. எட்ஜ் மென்பொருள் இணையத்தில் இலவசம். டேப்பை எடுத்து வீட்டை அளந்து, உள்ளே போட்டு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் எண் எப்படி நகர்கிறது என்று ஒரு மாதம் உட்கார்ந்து பார்த்தேன். கூரைக்கு வெள்ளை அடித்தால் டர்பனில் பலன் தெரிகிறது. அதே வீட்டை ஜோகன்னஸ்பர்க்கில் வைத்தால், உறைபனி விழும் குளிர்காலத்தில் சூடேற்றும் செலவு குறுக்கே வருகிறது. (பழைய வீடுகளின் கூரை ஆஸ்பெஸ்டாஸ் என்றால் அளக்கிறேன் என்று ஏறவோ துளை போடவோ வேண்டாம். தரையில் இருந்தே அளக்கலாம்.)

கீசரில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன். 150 லிட்டர் தண்ணீரை 20 பாகையில் இருந்து 60-க்குக் கொண்டுபோக ஏறக்குறைய 7 யூனிட் மின்சாரம் வேண்டும். நிமிடத்துக்கு 9.5 லிட்டர் ஊற்றும் ஷவர்த் தலையை மாற்றி 7 லிட்டர் ஆக்கினால், எட்டு நிமிடக் குளியலில் 20 லிட்டர் மிச்சம். அதில் பெரும்பங்கு சுடுதண்ணீர் என்பதால் மின்சாரமும் குறைகிறது. ஒரே திருகாணி வேலை, இரண்டு கணக்கிலும் வரவு. இப்படி ஒன்று இன்னொன்றை இழுப்பதைக் கண்ணால் பார்த்தவருக்குத் தேர்வுக் கேள்வி புதிதாகத் தெரியாது.

உள்நாட்டுச் சட்டத்தையும் கூடவே படியுங்கள். கட்டடங்களின் எரிசக்திச் சிக்கனத்துக்கான நம் நாட்டுத் தர விதி சான்ஸ் 10400-எக்ஸ்ஏ. அது 2011-ல் வந்து 2021-ல் திருத்தப்பட்டது. வருடச் சுடுதண்ணீரில் பாதியையாவது சாதாரண மின்கம்பிச் சூடேற்றி இல்லாமல் பெற வேண்டும் என்கிறது அது. ஒரு குழப்பமும் உண்டு: சான்ஸ் ஜன்னலைத் தரைப் பரப்போடு ஒப்பிடுகிறது, எட்ஜ் வெளிச்சுவரோடு ஒப்பிடுகிறது. பத்துக்கு எட்டு மீட்டர் வீடு, சுவர் உயரம் 2.5 மீட்டர், ஜன்னல் 12 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தரை 80, ஆக 15 விழுக்காடு. சுவர் 90, ஆக 13.3 விழுக்காடு. இரண்டையும் கலந்தால் விடை தப்பும்.

எட்ஜில் எக்ஸ்பர்ட் என்றால் வீட்டுக்காரருக்கு ஆலோசனை சொல்பவர். ஆடிட்டர் என்றால் வந்து சரிபார்ப்பவர். ஒரே திட்டத்தில் இரண்டு வேடமும் போட முடியாது. இதையும் தெளிவாகப் படித்துவிட்டுப் போங்கள்.

கிரீன் ஸ்டார் என்று மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. 2007-ல் தொடங்கிய நம் நாட்டுப் பசுமைக் கட்டடக் கவுன்சில் நடத்துவது. பெரிய அலுவலகம், மால் பக்கம் போகிறவர்களுக்கு நல்லது. தனி வீட்டுக்கு வருகிறவர் இப்போதைக்கு அதை விட்டுவிடலாம்.

சரி, எது? இங்கே இருந்து நம் ஜனங்களின் வீடுகளைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் எட்ஜ். தயக்கமே வேண்டாம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கே தொங்காட் தண்ணீர் நிலையம் உடைந்தபோது, சித்தி வீட்டுக் குழாயில் மாதக்கணக்கில் தண்ணீர் வரவில்லை. ஜோஜோ டாங்க் (பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி) எத்தனை லிட்டர் வாங்கலாம், கூரைத் தண்ணீர் எதற்குப் போதும் என்று அவர் கேட்டபோது, லீட் பாடத்தில் இருந்து என்னால் ஒரு வரி சொல்ல முடியவில்லை. இன்று கேட்டால் தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்துவிடுவேன்.

துபாய்க்கோ அமெரிக்க நிறுவனங்களுக்கோ போகும் எண்ணம் இருந்தால் லீட் எழுதுங்கள். அங்கே அந்தப் பெயர்தான் கதவைத் திறக்கும். அக்கா மகளுக்கு அந்த ஆசையும் இருக்கிறது, அதில் தப்பில்லை. எட்ஜை முடித்துவிட்டு லீடுக்குப் போனால் மனப்பாடம் பாதியாகக் குறையும் என்று சொல்லியிருக்கிறேன். அப்புறம், தைப்பூச விரத நாட்களில் தேர்வுத் தேதி வாங்காதே என்றும் சொன்னேன். அவள் காவடி எடுக்கிறவள். அந்தப் பத்து நாள் புத்தகம் திறக்க மாட்டாள். சனிக்கிழமை டேப்போடு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். முதலில் அவள் பாட்டி வீட்டை அளக்கப் போகிறோம்.