சுத்தத் தீவனமா, பிரஷ்யன் நீலமா, களிமண்ணா? சீசியம் படிந்த ஊரில் மாடு வளர்ப்பு

அணு உலை விபத்து நடந்த முதல் சில வாரங்களில் பாலுக்கு எதிரி கதிரியக்க அயோடின்-131. எட்டு நாளைக்கு ஒருமுறை பாதியாகிவிடும். கறவையைக் கொட்டிலில் கட்டி, விபத்துக்கு முன்பே மூடி வைத்த தீவனத்தைப் போட்டுச் சமாளிக்கலாம். கதிரியக்க சீசியம்-137 அப்படியல்ல, பாதியாகவே 30 ஆண்டு. எந்த வழி சரி என்பதற்கு ஒரு கேள்வி போதும்: மாடு தினமும் கைக்கு எட்டுமா?

எட்டும் என்றால் சுத்தத் தீவனத்தை மிஞ்ச எதுவுமில்லை. பாலில் சில நாட்களிலேயே அளவு சரியும். இறைச்சியில் மெதுவாகத்தான் இறங்கும். வளர்ந்த மாட்டில் மாதத்துக்கு ஒரு பாதி என்று வைத்துக்கொண்டால், கிலோவுக்கு 800 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) 100 ஆக இறங்க மூன்று மாதம். ஆட்டுக்கு இதைவிடக் குறைவு.

இந்த வழி சறுக்குவது வைக்கோலில். 2011 ஃபுகுஷிமாவில் நடந்தது அதுதான். முந்தைய இலையுதிர்காலத்தில் அறுத்து வயலிலேயே கிடந்த வைக்கோலில் மார்ச் மாதம் சீசியம் படிந்தது. அதைத் தின்ற மாடுகளின் இறைச்சியில் சீசியம் அன்றைய வரம்பான கிலோவுக்கு 500 பெக்கரலைத் தாண்டியது ஜூலையில்தான் தெரிந்தது. இன்னொரு குழப்பம் ஈரப்பதக் கணக்கு. ஜப்பானின் தீவன வரம்பு (கிலோவுக்கு முதலில் 300 பெக்கரல், பிறகு மாட்டுக்கு 100) 80% ஈரப்பதத்துக்கு மாற்றிச் சொல்லப்படுவது. 10% ஈரமுள்ள காய்ந்த வைக்கோலில் 450 என்று வந்தால், மாற்றிப் பார்க்கும்போது 100 தான். இதைக் கவனிக்காமல் நல்ல வைக்கோலைக் கொட்டிவிடவும் கூடாது.

தீவனம் வாங்கக் காசில்லாமல், ஒன்றிரண்டு பசுவைச் சதுப்பிலும் காட்டிலும் மேய்ப்பவருக்குப் பிரஷ்யன் நீலம் என்ற நீலநிறச் சாயப்பொடி. 1986 செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பின் உக்ரைன், பெலாரஸ், ரஷ்யா மூன்றிலும் பயன்பட்டது. வயிற்றில் சீசியத்தைப் பிடித்துச் சாணத்தோடு வெளியேற்றும். அடர்தீவனத்தில் நாளுக்கு 3 கிராம் கலந்தாலே பாலில் பெரும்பகுதி குறையும். இன்னொரு கதிரியக்கப் பொருளான ஸ்ட்ரான்சியத்தை இது தொடாது. சாணத்தையும் அளக்காமல் வயலுக்குப் போடக் கூடாது. ஜப்பானில் எருவுக்கு வரம்பு கிலோவுக்கு 400 பெக்கரல்.

பெண்டோனைட் களிமண்ணும் சீசியத்தைப் பிடிக்கும். ஆனால் பசுவுக்கு நாளுக்கு அரைக்கிலோ வேண்டும். தூசி பறக்கும், மாடு தீவனத்தை ஒதுக்கும், பலனும் பாதிக்குப் பாதிதான். நீலம் வந்து சேரும்வரை ஒப்பேற்ற மட்டும் ஆகும்.

மலையில் விட்ட ஆடும் கலைமானும் கைக்கு எட்டாதவை. நார்வேயில் இரண்டு உத்தி. ஒன்று, 2.5% நீலம் கலந்த உப்புக்கட்டி. மலிவு, ஆனால் எந்த ஆடு எவ்வளவு நக்கியது என்று யாருக்கும் தெரியாது. மற்றொன்று உருண்டை: 15% நீலம், மீதி பேரைட் என்ற கனமான கனிமமும் மெழுகும். பேரைட்டின் கனம்தான் அதை இரைப்பையிலேயே தங்க வைக்கிறது. வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். மேலே கூடுதல் மெழுகு பூசினால் கரைவது தள்ளிப்போகும், மலையிலிருந்து இறங்கும் நேரத்துக்குச் சரியாக வேலை செய்யும். நாக்கின் அடிவேர் தாண்டிச் செலுத்த வேண்டும். இல்லையேல் துப்பிவிடும்; தலையை அதிகம் தூக்கினால் மூச்சுக்குழாயில் இறங்கும். என்னைக் கேட்டால் உருண்டைதான்.

பிரிட்டன் மருந்தே கொடுக்கவில்லை, அளந்தது. பின்தொடைத் தசையில் கருவியை அழுத்தி வைத்து, கிலோவுக்கு 1,000 பெக்கரலைத் தாண்டும் வாய்ப்புள்ள ஆட்டுக்குச் சாயம் பூசி அடையாளமிட்டார்கள். அது தாழ்நிலப் புல்லில் மேய்ந்து இறங்கும்வரை வெட்டக் கூடாது. செர்னோபிலுக்குப் பின் 1986இல் தொடங்கிய கட்டுப்பாடு 2012 ஜூனில்தான் முழுதாக நீங்கியது. கருவி நிற்கும் தரையே அசுத்தமாக இருந்தால் அளவு ஏறிக் காட்டும் என்பதை மறந்தால் உழைப்பு வீண்.

உழ முடிந்த நிலமென்றால் உழுது, சுண்ணாம்பும் பொட்டாஷும் இட்டுப் புதுப் புல் விதைக்கலாம். பொட்டாசியம் குறைந்த மண்ணில்தான் புல் சீசியத்தை அதிகம் உறிஞ்சும். செலவு முதல் வருடமே வரும், பலன் பல வருடம் நிற்கும்.

ஃபுகுஷிமாவின் 20 கி.மீ. வளையத்தில் இந்த ஒப்பீட்டுக்கே இடமில்லை. 2011 மே 12 அன்று, உரிமையாளர் சம்மதத்தோடு கால்நடைகளைக் கொல்ல அரசு உத்தரவிட்டது. சம்மதிக்காத சிலர் வளர்த்தார்கள். நமியே ஊரில் உள்ள 'நம்பிக்கைப் பண்ணை' அப்படி ஒன்று. விற்க முடியாத மாடுகள், பெக்கரல் வரம்பு அவற்றுக்கு இல்லை. மற்றவர்கள் ஒதுக்கிய சீசியம் படிந்த புல்கட்டே அங்கே தீவனமானது.